ஹைலக்ஸுக்கு ஃபைபர் போனட் பூட்டலாமா?

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய 2012 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ 3.0 பிக்கப் மீது பழக்குலை ஒன்று விழுந்து, போனட் (எஞ்சின் மூடி) நடுவில் பெரிய குழி. தட்டி எடுத்தாலும் பழைய மாதிரி வராது என்று பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள். இணையத்தில் பெரிய ஸ்கூப் (காற்று நுழையும் வாய்) வைத்த, கார்பன் ஃபைபர் மாதிரி தெரிகிற ஃபைபர்கிளாஸ் போனட் ஒன்று கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. எந்தப் பிராண்ட் நல்லது, எடை குறைந்தால் எண்ணெய் (டீசல்) மிச்சமாகுமா, தீபாவளிக்கு முன்னால் பூட்டிவிடலாமா என்று மூன்று கேள்வி. கடைசியில், போகிற போக்கில், "ஹைவேயில் திறந்துகொள்ளாதே அண்ணே?" என்று ஒரு வரி. தம்பி, நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். இந்தச் சாமானை நம்பி வண்டி ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்தவன். தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து, படகு ஒட்டுவது, லோரி கூரைக்கான காற்றுத் தடுப்பு, அப்புறம் புரோட்டோன் கார்களான வீரா, சத்ரியா, வாஜா போனட்டுகள் என்று என் கையால் எத்தனையோ சாமான் அச்சிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அதனால் இந்தப் பொருள் எப்படி உருவாகிறது, எங்கே உடைகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் போனட் நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்ல மாட்டேன். மேல்பக்கப் படத்தைப் பார்த்து ஃபைபர் சாமானுக்கு யாராலும் தரம் சொல்ல முடியாது.

பொருளைப் பற்றிப் பயம் வேண்டாம். 1953-இல் அமெரிக்காவில் வந்த ஷெவ்ரலே கோர்வெட்டின் உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ்தான். அந்த முதல் வருஷம் 300 வண்டிதான் செய்தார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடுகிற நீள மூக்கு லோரிகள் பலவற்றின் போனட் ஃபைபரில்தான் வருகிறது, லட்சக்கணக்கான மைல் ஓடுகிறது. ஆக, ஃபைபர் என்பதால் ஒரு போனட் ஆபத்தாகிவிடாது. அதை யார், எவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிராண்ட் கேள்விக்குப் பதில் அங்கேதான். அச்சுக்கு மெழுகு பூசி, அதன்மேல் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல்கோட் என்கிற ரெசின் பூச்சு அடிப்போம். அதுதான் கடைசியில் மேல்பக்கமாகத் தெரிவது. அது இறுகியதும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, பாலியஸ்டர் ரெசினில் ஊறவைத்து, உருளையால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியே தள்ள வேண்டும். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். கொஞ்சம் குறைந்தால் வாரக்கணக்கில் முழுசாக இறுகாது, கூடினால் சூடேறிச் சுருங்கி நெளியும். உருளை போடுவது இடுப்பு ஒடிகிற வேலை. காலையில் போட்ட போனட்டும் மழைநாள் சாயங்காலம் அவசரத்தில் போட்ட போனட்டும் ஒரே அச்சு, ஒரே முத்திரை, ஆனால் ஒன்றாக இருக்காது. அதனால்தான் கையால் செய்கிற சாமானில் பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள், அந்த ஒரு துண்டைப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? முதலில் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். மேல்பக்கம் பளபளப்பைப் பார்க்கவே வேண்டாம், அதைப் பாலிஷ் கூடத் தரும். அடிப்பக்கம்தான் செய்தவரின் கையெழுத்து. டொயோட்டா போனட்டின் அடியில் எலும்புக்கூடு மாதிரி ஒரு உள்சட்டம் இருக்குமே, அதே மாதிரி இதிலும் தனியாக வார்த்து ஒட்டிய சட்டம் இருக்க வேண்டும். வெறும் தோல் மட்டும் இருந்து, ஓரத்தில் ஒரு மடிப்பு மட்டும் வைத்திருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். வெள்ளை வெள்ளையாக உலர்ந்த இழை தெரிந்தால் அங்கே ரெசின் சேரவில்லை. கண்ணாடி மாதிரி ரெசின் குளமாகத் தேங்கியிருந்தால் அங்கே இழை இல்லை, முதல் குலுக்கலில் விரியும். எதிரெதிர் மூலைகளை இரண்டு பேர் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். கொஞ்சம் வளையலாம், ஆனால் பழைய பாய் மாதிரி துவளக்கூடாது. ஒரு சில்லறைக் காசால் பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று ஒரே மாதிரி கேட்க வேண்டும். திடீரென்று மொத்தையாக ஒலித்தால் அந்த இடத்தில் காற்று சிக்கியிருக்கிறது, இல்லையென்றால் சட்டம் ஒட்டாமல் நிற்கிறது.

இன்னொரு சோதனை இருக்கிறது, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அசெட்டோன் நனைத்த துணியால் அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தை அரை நிமிடம் தேயுங்கள். அசெட்டோன் கலந்த நகப் பாலிஷ் அழிக்கும் தண்ணீரே போதும். காய்ந்ததும் விரலால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. பிசுபிசுத்தால் ரெசின் முழுசாக இறுகவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாலும் தெரியும்: ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் வாடை கப்பென்று ஏறினால் அந்தப் போனட் இன்னும் முழுசாக இறுகாத பச்சை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். போனட் திறந்துகொள்வது பெரும்பாலும் லாட்ச், அதாவது முன்பக்கப் பூட்டு, இருக்கும் இடத்தில் தொடங்குகிறது. வண்டியோடு வந்த போனட்டில் பூட்டில் போய் மாட்டும் வளையக் கம்பி, கனமான இரும்புத் தகட்டில் பற்றவைத்து, உள்சட்டத்தோடு ஒன்றாக இருக்கும். ஃபைபரில் அதே கம்பியை வெறும் மூன்று மில்லிமீட்டர் தோலில் போல்ட் போட்டு முறுக்கினால் என்ன ஆகும்? ரெசின் என்பது அழுத்தத்தில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிற பொருள். இன்று இறுக்கிய போல்ட், இரண்டு மாதத்தில் தானாகத் தளர்ந்திருக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் குலுங்குகிற வண்டியில் ஓட்டை முட்டை வடிவமாகும், ஓரத்தில் முடி மாதிரி விரிசல் ஓடும். அப்புறம் ஒருநாள் பிய்த்துக்கொள்ளும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு வாடிக்கையாளரின் வீராவுக்கு நான் செய்த போனட்டில் லாட்ச் இடத்துக்கு இரும்புத் தகடு வைக்காமல் பலகைத் துண்டை வைத்து மேலே பாய் போட்டு மூடினேன். அப்போது அப்படித்தான் எங்கள் பட்டறையில் செய்துகொண்டிருந்தோம். மழைத் தண்ணீர் போல்ட் ஓட்டை வழியாக இறங்கிப் பலகை உள்ளேயே மக்கிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து, ஈப்போவிலிருந்து வடக்கே வரும்போது, மெனோரா சுரங்கம் தாண்டிய இறக்கத்தில் போனட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி சிலந்தி வலையாகிவிட்டது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓரமாக நிறுத்தினார். பின்சீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பிறகு இரும்புத் தகடு இல்லாமல் ஒரு போனட்டும் என் கையை விட்டுப் போனதில்லை.

காற்றுக்கு எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது முன்னால் மோதுகிற காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 கிலோ எடைக்குச் சமம். போனட்டை ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்தால், அது எழும்பி நிற்கிற கணத்தில் எண்பது கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் பாதியானால் இந்த பலம் கால்வாசியாகிவிடும். அதனால்தான் தோட்டத்துக்குள் மாதக்கணக்கில் சாதுவாக இருந்த போனட் ஹைவே ஏறிய அன்றைக்கு வேலையைக் காட்டுகிறது.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லாட்ச் இடத்திலும் இரண்டு கீல் இடத்திலும் உள்ளே இரும்புத் தகடு பதித்திருக்கிறதா என்பதுதான். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இருக்கிறது. போல்டுக்கு அடியில் சின்ன வாஷர் போடாதீர்கள், அகலமான வாஷரோ தகட்டுத் துண்டோ வையுங்கள். வண்டியோடு வந்த பூட்டில் இரண்டாவது கொக்கி ஒன்று இருக்கும், விரலை உள்ளே விட்டுத் தள்ளினால்தான் விடும். அது புதுப் போனட்டிலும் சரியாக மாட்ட வேண்டும். சிலர் இடிக்கிறது என்று அதை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். அதோடு முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் போனட் பின், அதாவது போனட்டை மேலிருந்து பிடித்து வைக்கும் ஊசிப் பூட்டு, போடுங்கள். அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் ஃபைபர் போனட்டுக்கு அதுதான் காப்பு. பின்னின் கீழ்முனை ரேடியேட்டர் மேல்சட்டத்தின் இரும்பில் நிற்க வேண்டும், பிளாஸ்டிக்கில் நின்று பயனில்லை. பூட்டிய ஒரு வாரத்தில் எல்லா போல்டையும் மறுபடி இறுக்குங்கள், ஒரு மாதத்தில் இன்னொரு தரம்.

உங்கள் வண்டிக்கே உரிய ஒரு விஷயம். விகோ 3.0-இல் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது. போனட்டில் இருக்கும் அந்த மூக்கு, அதாவது ஸ்கூப், வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வழியாக வரும் காற்றுதான் இன்டர்கூலரைக் குளிர்விக்கிறது. அடிப்பக்கத்தில் காற்றைச் சிதறவிடாமல் இன்டர்கூலர் மேல் இறக்குகிற வழியும் அதைச் சுற்றி ரப்பரும் இருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் போனட்டின் ஸ்கூப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வாய் அடைத்திருந்தாலோ, ஓட்டை இன்டர்கூலருக்கு நேராக வராவிட்டாலோ, ரப்பர் உட்கார இடம் இல்லாவிட்டாலோ, வண்டி இழுப்பு குறையும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது முதலில் தெரியும். உங்களுடைய பழைய மூக்கையும் ரப்பரையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அதை அப்படியே எடுத்துப் பூட்ட இடம் விட்டிருக்கும் போனட் கிடைத்தால் அதுவே சிறந்தது.

இதை எழுதும்போது ஞாபகம் வருகிறது. நம் ஊர்ப் பையன்கள் கீலில் வாஷர் அடுக்கிப் போனட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடுகிறார்களே, சூடு வெளியே போகும் என்று, அது ஓடுகிற வண்டியில் நினைத்த மாதிரி வேலை செய்யாது. முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடியிருக்கும், அதனால் அங்கிருந்து காற்று உள்ளேதான் வரப் பார்க்கும். நிற்கும்போது கொஞ்சம் ஆவி வெளியேறும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்றும் துளை வேண்டுமென்றால் போனட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதிலும் மழைத் தண்ணீர் எங்கே இறங்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எடைக்கும் எண்ணெய்க்கும் வருவோம். இரும்பு ஃபைபரைவிட ஐந்து மடங்கு அடர்த்தி, இது உண்மை. ஆனால் விறைப்பில் இரும்பு ஏறத்தாழ முப்பது மடங்கு கூட. அதே விறைப்பு ஃபைபரில் வர வேண்டுமென்றால் கனத்தை மூன்று மடங்காக்க வேண்டும். 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தோல் சதுர மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. நல்ல பட்டறையில் போடுகிற மூன்று மில்லிமீட்டர் ஃபைபர் நாலரைக் கிலோ. உள்சட்டத்தில் இன்னும் கொஞ்சம் குறையும் என்றாலும், ஒழுங்காகச் செய்த ஃபைபர் போனட்டில் மிச்சமாவது சில கிலோதான். ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல் இருக்கிற ஹைலக்ஸுக்கு அது உரமூட்டையில் ஒரு மூலை. எண்ணெயில் எதுவும் தெரியாது. எடையில் பாதிக்குப் பாதி குறையும் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

கார்பன் தோற்றம் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், இதில் ரசனையும் கலந்திருக்கிறது. அந்த விலையில் வருவது மேலே ஒரே ஒரு கார்பன் துணி, அடியில் எல்லாம் கண்ணாடி இழைதான். சில சாமான்களில் துணிகூட இல்லை, அச்சடித்த படலம் மட்டும். அது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலம் கூடுகிறது என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். நம் வெயிலுக்கு அது ஒத்துக்கொள்வதும் இல்லை. சாதாரண பாலியஸ்டர் ரெசின் 70 டிகிரி வாக்கில் விறைப்பை இழக்கத் தொடங்கும். நண்பகலில் நிற்கும் கறுப்புப் போனட் வெயிலிலேயே அந்தச் சூட்டை நெருங்கிவிடும், அடியில் டர்போ எஞ்சின் சூடு வேறு. முதலில் மேல்பரப்பில் இழையின் தடம் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும், பிறகு நடுப்பகுதி தொய்யும். மேலே பூசிய தெளிவான பூச்சும், வெயில் தாங்கும் ரகமாக இல்லாவிட்டால், மஞ்சள் பூத்துவிடும். ஃபைபர்தான் வேண்டும் என்றால் வண்டியின் நிறத்திலேயே அடியுங்கள், வெள்ளையோ வெள்ளியோ என்றால் இன்னும் நல்லது. அடிப்பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு போடுங்கள். இரும்பு மாதிரி இல்லை, பாலியஸ்டர் எரியும். அதனால் பழைய எண்ணெய்க் கசிவு ஏதாவது இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்கிற அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரத்தில் அடித்த பெயிண்ட்தான் ஃபைபரில் முதலில் கொப்பளிக்கும். சாமான் வந்தவுடன் பெயிண்ட் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வண்டியில் வைத்துப் பாருங்கள், இரண்டு ஃபெண்டர் பக்கமும் கண்ணாடிப் பக்கமும் இடைவெளி ஒரே அளவாக வருகிறதா, பூட்டு தானாக விழுகிறதா என்று. கையால் அழுத்தி அடக்கினால்தான் பூட்டு விழும் என்றால் திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட் அடித்த சாமானைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். சரியாக உட்கார்ந்தால், பெயிண்ட் இல்லாமலே ஒரு வாரம் பத்து நாள் வண்டியில் பூட்டியபடி வெயிலில் ஓட்டுங்கள். மிச்சம் இருக்கும் ரெசின் அதன் இடத்தில் இருந்தபடியே இறுகிவிடும். அப்புறம் அச்சு மெழுகை நன்றாகக் கழுவி, தேய்த்து, பிரைமர் போட்டு அடிக்கலாம். தேய்க்கிறவர் முகமூடி இல்லாமல் தேய்க்கக்கூடாது. அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், நெஞ்சுக்குள் போவது அதைவிடக் கெடுதல். நான் வாலிபத்தில் அலட்சியமாக இருந்தேன், இன்றைக்கும் இருமுகிறேன்.

மோதலில் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி போனட்டின் உள்சட்டத்தில் வேண்டுமென்றே பலவீனமான மடிப்புகள் வைத்திருப்பார்கள். முன்னால் மோதினால் அது நடுவில் கூடாரம் மாதிரி மடியும், கத்தி மாதிரி கண்ணாடிப் பக்கம் வராது. ஃபைபர் மடியாது, உடையும். அதனால்தான் கீல் பக்கத் தகட்டைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தினேன். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) விஷயத்தில், சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் கீழ் வண்டியின் அமைப்பை மாற்றுவது அனுமதிக்கு உட்பட்டது, நிறம் மாறினால் பதிய வேண்டும். அதே வடிவத்தில் அதே நிறத்தில் மாற்றுவதற்கும் பெரிய ஸ்கூப்போடு கறுப்பாக மாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் ஈப்போ அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் செம்பனை மரத்தடியில் நிற்கிற வண்டி உங்களுடையது. இன்னொரு குலை விழாது என்று யாரும் சொல்ல முடியாது. இருபது கிலோ குலை இரும்பில் விழுந்தால் குழி, ஃபைபரில் விழுந்தால் ஓட்டை. நானாக இருந்தால் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஏறி இறங்கி, விகோவின் பழைய இரும்புப் போனட் ஒன்றைத் தேடுவேன். துரு இல்லாமல், ஓர மடிப்பில் புட்டி அடிக்காமல் இருந்தால் போதும். உங்கள் மூக்கும் ரப்பரும் பூட்டும் அப்படியே பொருந்தும், நிறம் மட்டும் அடித்தால் வேலை முடிந்தது, தீபாவளிக்கும் தாராளமாக நேரம் இருக்கும். ஃபைபர் போனட்டுக்கு நான் எதிரி இல்லை, என் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே அந்தத் தொழில்தான். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற கார், துருவே பிடிக்கக்கூடாத கடற்கரை ஊர், இரும்புப் போனட்டே கிடைக்காத பழைய மாடல், இவற்றுக்கெல்லாம் நானே ஃபைபரைத்தான் சொல்வேன்.

இல்லை அண்ணே, எனக்கு அந்தப் போனட்தான் பிடித்திருக்கிறது என்றால், கடைக்காரரிடம் மூன்று படம் கேளுங்கள்: அடிப்பக்கம் முழுசாக ஒன்று, லாட்ச் இடம் கிட்டத்தில் ஒன்று, ஒரு கீல் இடம் கிட்டத்தில் ஒன்று. கொடுத்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கொடுக்கத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.